சைலன்சரில் கை வைத்த பிறகு: அறிகுறி பார்த்துக் கோளாறு தேடுவது

ஹட்டனிலிருந்து கொஞ்சம் உள்ளே, தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எங்கள் வீடு. பட்டறை என்று சொல்ல இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு மரப்பலகை, ஒரு ஸ்பானர் செட், மாமா விட்டுப்போன பழைய வெல்டிங் மெஷின், அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பைக்காவது வந்து நிற்கும். வருகிற தம்பிமார் சொல்வது ஒரே கதை: "அண்ணே, சைலன்சர் மாத்தினேன். அதுக்கப்புறம் பைக் சரியில்ல."

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புது பைக் என்பது பலருக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. இருக்கிற பல்சர், சிடி 100, டிஸ்கவர், ஸ்ப்ளெண்டர் இவற்றையே வெட்டி ஒட்டி ஓட்டப் பழகிவிட்டோம். துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் இன்னொன்றைப் போடுவோர் பாதி, சத்தத்துக்காக மாற்றுவோர் பாதி. இருவருக்கும் வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே எழுதுவது காபரேட்டர் உள்ள 100 முதல் 150 சிசி வரையான ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு.

பவர் கூடும் என்று நினைத்து மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 சிசியில் சைலன்சரை மட்டும் மாற்றி, மேட்டில் உணரும் அளவுக்குப் பவர் கூட்ட முடியாது. சத்தம் கூடும். அந்தச் சத்தத்தைக் காது பவர் என்று எடுத்துக்கொள்ளும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் தேடும் வரிசை இதுதான்: முதலில் லீக், அடுத்து பைக் ஓடும் இடத்தின் உயரம், கடைசியில்தான் ஜெட் (காபரேட்டரில் பெற்றோல் வரும் சிறு துளை). பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காபரேட்டரைத் திறந்து, ஜெட்டை மாற்றி, ஸ்க்ரூவைத் திருகி, எல்லாம் குழம்பிய பிறகு பார்த்தால் எஞ்சின் தலைப்பகுதியான ஹெட்டில் ஒரு நட் லூசாக இருக்கும்.

வேலை தொடங்குமுன் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அப்புறம், குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி வந்தால் எழுந்துபோய்க் கதவைத் திறக்கலாம் என்று நினைப்பீர்கள். அந்த நேரத்தில் கால் எழும்பாது.

"இறக்கத்தில் டப் டப் என்று வெடிக்கிறது"

மலைநாட்டில் இதுதான் முதல் முறைப்பாடு. சமதரையில் ஓட்டுகிறவருக்கு எப்போதாவது கேட்கும் சத்தம், ரம்பொடைப் பக்கம் த்ரொட்டிலை மூடி கியரிலேயே இறங்குகிற நமக்கு அரை மணி நேரம் கேட்கும்.

காரணம் இது. த்ரொட்டிலை மூடியதும் சிலிண்டருக்குள் போகும் கலவை மிகக் குறைவு, அது ஒழுங்காக எரியாது. எரியாத பெற்றோல் ஆவி அப்படியே பென்ட் பைப்புக்குள் (ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) போகிறது. அங்கே எங்கிருந்தாவது வெளிக்காற்று புகுந்தால் போதும், சூடான குழாய்க்குள் பற்றிக்கொள்ளும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: காற்று எங்கே புகுகிறது?

பத்தில் எட்டுத் தடவை ஹெட்டும் பென்ட் பைப்பும் சேருகிற இடத்தில்தான். அங்கே ஒரு வளையக் கேஸ்கட் இருக்கும். அது நசுங்கி இடைவெளியை அடைக்கும்படி செய்தது. ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். கழற்றித் திரும்பப் போட்டால் அடைக்காது. விலையும் பெரிதில்லை, ஆனாலும் எல்லோரும் பழையதையே போடுகிறார்கள். ஒரு தம்பி சோடா டின்னை வெட்டி வளையம் செய்து போட்டிருந்தார். இரண்டு நாள் தாங்கியதாம். கழற்றியபோது ஓரமெல்லாம் மென்று துப்பியது போல இருந்தது.

லீக்கைக் கண்டுபிடிக்க ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடாகுமுன் சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவுங்கள். இன்னொருவர் தடித்த ஈரத் துணியைச் சைலன்சரின் பின்வாயில் ஒரு நொடி அழுத்திப் பிடிக்கட்டும். லீக் இருந்தால் நுரை குமிழி விடும், கூடவே 'ஸ்ஸ்' என்று கேட்கும். லீக்கே இல்லையென்றால் எஞ்சின் திணறி அணையப் பார்க்கும். சிலர் ஊதுபத்தியைக் காட்டிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்கள். காபரேட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் நெருப்பு எதற்கு?

மாட்டும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. புதுக் கேஸ்கட்டின் பின்பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவி ஹெட்டின் துவாரத்தில் ஒட்டினால் கீழே விழாது. பிறகு ஹெட்டின் இரண்டு நட், நடுக் கிளாம்ப், பின் போல்ட் எல்லாவற்றையும் விரலால் மட்டும் ஏற்றி, குழாயை ஆட்டிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் தானாக உட்கார வேண்டும். முறுக்குவது ஹெட்டிலிருந்து தொடங்கிப் பின்னால் போக வேண்டும். ஹெட் நட் இரண்டையும் மாறி மாறி, கால் சுற்று, கால் சுற்று. பின் போல்ட்டை முதலில் முறுக்கிவிட்டால் குழாய் சாய்ந்து நிற்கும், கேஸ்கட் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறிய பிறகு திரும்ப ஒரு முறுக்கு. இந்தக் கடைசி முறுக்கைப் பலர் மறந்துவிடுவார்கள். மறுவாரம் அதே சத்தத்தோடு வந்து நிற்பார்கள்.

ஹெட் சரியென்றால் அடுத்தது பென்ட் பைப்பும் சைலன்சரும் சேருகிற கிளாம்ப். அதுவும் சரியென்றால், ஏர் பில்டர் பக்கமிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் ஒரு மெல்லிய ஹோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். புகையிலுள்ள மிச்சப் பெற்றோலை எரிக்கச் சுத்தமான காற்றைப் புகைவழிக்குள் விடும் ஏற்பாடு அது. த்ரொட்டிலை மூடும்போது அதன் வால்வு காற்றை நிறுத்த வேண்டும். வால்வு பழுதானால் நிறுத்தாது. பழைய சைலன்சர் அந்த வெடிப்பை விழுங்கிக்கொண்டிருந்தது, புதியது வெளியே சொல்கிறது. ஹோஸைத் தற்காலிகமாக அடைத்து ஒரு இறக்கம் இறங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் வால்வைச் சரிசெய்யுங்கள். அடைப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

லீக் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் காபரேட்டரின் ஸ்லோ ஸ்க்ரூவைத் தொட வேண்டும். அந்த ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் ஸ்க்ரூ, வெளியே திருகக் கலவை ரிச் ஆகும் (பெற்றோல் கூடும்). ஏர் பில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, வெளியே திருக லீன் ஆகும் (காற்று கூடும்). இது தெரியாமல் திருகுவதால்தான் பாதிப் பைக்குகள் கெடுகின்றன. கால் சுற்று திருகுங்கள், ஓட்டிப் பாருங்கள், தொடங்கிய இடத்தைக் குறித்து வையுங்கள்.

இறக்கம் முழுக்க நாலு தடவை 'புத்' என்று கேட்டால் அதை நான் கோளாறு என்று சொல்ல மாட்டேன். வேண்டுமென்றே சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி வெடிக்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பிளந்த சைலன்சரை ஒட்டித் தர என்னிடம் வராதீர்கள்.

"மேலே நன்றாக ஓடுகிறது, கீழே இறங்கினால் கெட்டுப்போகிறது"

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் என் பைக்குக்குத் தடுப்பு குறைந்த சைலன்சர் ஒன்று போட்டேன். ஜெட் எதையும் மாற்றவில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் ஏறி இறங்கினேன். முன்பைவிட நன்றாகவே ஓடியது. ஜெட் மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு ஒருநாள் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்கும்போதே எஞ்சின் சூடு காலில் அடித்தது. அவிசாவளையில் மேட்டில் த்ரொட்டிலைத் திறந்தால் சிலிண்டருக்குள் கூழாங்கல் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை.

நடந்தது இதுதான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தது காபரேட்டருக்குத் தெரியாது. பெற்றோலை அது அதே கணக்கில் குறைக்காது. ஆகவே மேலே போகப் போகக் கலவை ரிச் ஆகிறது. தடுப்பு குறைந்த சைலன்சர் செய்வது எதிர்மாறான வேலை, கலவையை லீன் பக்கம் தள்ளுகிறது. மலையில் ஒன்று மற்றதை ஈடுகட்டிவிடுகிறது. பைக் நன்றாக ஓடுவது சைலன்சரின் திறமையால் அல்ல, இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைப்பதால். கீழே இறங்கியதும் உயரத்தின் ரிச் போய்விடும், சைலன்சரின் லீன் மட்டும் மிஞ்சும்.

ஆகவே மாற்றிய சைலன்சரை வீட்டு வாசலில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். நீங்கள் வழக்கமாக இறங்கும் ஆகத் தாழ்ந்த இடம் எதுவோ, கம்பளையோ அவிசாவளையோ, அங்கே ப்ளக்கைப் பாருங்கள். முறை சுலபம். சூடான எஞ்சினோடு, போக்குவரத்து இல்லாத நேரான மேடு ஒன்றில் மூன்றாம் கியரில் முக்கால் த்ரொட்டிலுக்கு மேல் கொஞ்ச தூரம் போங்கள். கிளச்சைப் பிடித்து, அதே நேரம் எஞ்சினை நிறுத்தி, உருண்டு போய் ஓரம் கட்டுங்கள். ஐடிலில் ஓடவிட்டால் நிறம் மாறிவிடும். ப்ளக் சூடாக இருக்கும், துணியால் பிடித்துக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கான் பகுதி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் லீன், மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக வேண்டும். கறுத்துக் கரி படிந்திருந்தால் ரிச். புது ப்ளக் போட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவு.

கீழே சரியாக இருக்கும்படி ஜெட் போட்டால் மேலே கொஞ்சம் ரிச் ஆகும், பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். அது பரவாயில்லை. ரிச் எஞ்சின் பணத்தைத் தின்னும், லீன் எஞ்சின் பிஸ்டனைத் தின்னும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் பைக்குக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி வாங்கிய காலத்தில், மிச்சம் பிடிக்க ஸ்க்ரூவை லீனாகத் திருகிவிட்டவர்கள் ஏராளம். பலர் அதைத் திரும்பச் சரிசெய்யவே இல்லை. அந்தப் பைக்கில் சைலன்சரையும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மேட்டில் இழுவை போய்விட்டது"

உள்ளே இருந்த தடுப்புக் குழாயை உருவிப் போட்ட பைக்குகளில் இது கட்டாயம் வரும். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு புகைக்கட்டி குழாயில் ஓடுகிறது. அது வேகமாக ஓடினால் பின்னால் ஒரு இழுப்பை உண்டாக்கி, சிலிண்டரில் மிஞ்சிய புகையையும் இழுத்துப் போகும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் ஓட்டம் மந்தமாகி அந்த இழுப்பு செத்துவிடும். அதிக வேகத்தில் அவ்வளவு தெரியாது. ஆனால் நாம் ஓட்டுவது வேறு. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் கல்ரோட்டில், பின்னால் ஒரு ஆளோடு, இரண்டாம் கியரில் தவழும் பைக்குக்கு எஞ்சினின் குறைந்த சுற்றில்தான் இழுவை வேண்டும். தடுப்பைத் திரும்பப் போடுங்கள். புதுக் குழாய் செய்வதென்றால் பழைய பென்ட் பைப்பின் உள் அகலத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்மாறாக அடைப்பும் இருக்கலாம். வெல்டிங் குமிழ் உள்ளே தொங்குவது, வளைத்த இடத்தில் குழாய் நசுங்கியது, பழைய சைலன்சரில் கரி. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உள்ளங்கையைப் பின்வாய்க்கு அரை அடி தள்ளிப் பிடியுங்கள். 'தக் தக்' என்று தனித்தனியாகத் தட்டினால் வழி திறந்திருக்கிறது. மூச்சு விடுவது போல மொத்தமாக வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. சைலன்சரைக் குற்றம் சொல்லுமுன் பின் சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்ததை இழுவைக் குறைவு என்று கொண்டுவந்தவர்கள் மூன்று பேர்.

"கிணுகிணு என்று ஆடும் சத்தம்"

குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும் கேட்டு, கூட்டினால் மறைந்தால் வெப்பத் தகடோ கிளாம்ப்போ லூஸ். எல்லாச் சுற்றிலும் உள்ளே டப்பாவில் கல் போலக் கேட்டால் உள் தகடு வெல்டிங் விட்டுவிட்டது. சைலன்சரைக் கழற்றி, கையில் குலுக்கினால் தெரியும்.

தோட்ட ரோட்டுக்குப் பெரிய பிரச்சினை தாங்கி விரிசல். பின் போல்ட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை எறிந்துவிட்டு இரும்போடு இரும்பு முறுக்கியிருப்பார்கள். எஞ்சினின் அதிர்வு முழுக்க அந்த ஒரு மூலையில் போய் நிற்கும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கின் மேல் வராது, அதன் ஓரத்தில் முடி போல ஒரு கறுப்புக் கோடாகத் தொடங்கும். நகத்தால் உரசினால் தட்டுப்படும். அதன் மேலேயே திரும்ப வெல்டிங் அடித்தால் அடுத்த மழைக்குள் பக்கத்தில் இன்னொரு கோடு வரும். புஷ்ஷை மாற்றி, விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு, அதன் மேல் ஒரு சிறு தகடு வைத்து அடியுங்கள்.

வீட்டில் வெல்டிங் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். முடிந்தால் சைலன்சரையே பைக்கிலிருந்து கழற்றிக் கீழே வைத்து அடியுங்கள். இரண்டாவது, தண்ணீருக்குப் போடும் ஜிஐ பைப்பில் சைலன்சர் குழாய் செய்யாதீர்கள். அதன் நாக (சிங்க்) பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். நான் ஒருதரம் போர்வைக்குள் கிடந்தேன், அம்மா மழையில் நனைந்ததால் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

"குழாய் நீலமாகிறது, சிவக்கிறது"

ஹெட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளும் நீலமும் ஏறுவது ஒற்றைச் சுவர்க் குழாயில் இயல்பு. நின்ற இடத்தில் ஐடிலிலேயே இருட்டில் சிவந்து தெரிந்தால் இயல்பல்ல. லீன் அல்லது இக்னிஷன் டைமிங் (ப்ளக் பொறி விடும் நேரம்) பிந்துகிறது. உடனே நிறுத்துங்கள்.

"புகை வருகிறது"

நானுஓயாவில் காலை ஆறு மணிக்கு வரும் வெள்ளைப் புகை புகையே அல்ல, நீராவி. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது, குளிரில் அது கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்பு என்றால் ரிச். முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நீலம் என்றால் ஒயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். அதற்கும் சைலன்சருக்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தண்ணீர்தான் சைலன்சரை உள்ளிருந்து தின்கிறது. லயத்திலிருந்து கடைக்கும் கடையிலிருந்து லயத்துக்கும் மட்டும் ஓடும் பைக்கில் குழாய் முழுதாகச் சூடாகாது, தண்ணீர் உள்ளேயே தங்கும். சைலன்சரின் அடியில் ஊசிமுனை அளவு துளை ஒன்றிருக்கும். ஓட்டை என்று நினைத்து அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அது தண்ணீர் வடியவே வைத்தது. வீட்டில் செய்த சைலன்சர் என்றால் ஆகத் தாழ்ந்த இடத்தில் 2 மில்லிமீற்றர் துளை ஒன்று நீங்களே போடுங்கள்.

"வரவரச் சத்தம் கூடுகிறது"

பஞ்சு அடைத்த வகை என்றால் பஞ்சு எரிந்துபோயிருக்கும். வெளி உறை வழக்கத்தைவிடச் சூடாவதும் அதற்கு அடையாளம். ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி, துளைக் குழாயைச் சுற்றி முதலில் ஒரு சுற்று ஸ்டீல் கம்பளி, அதன்மேல் சைலன்சருக்கென்று விற்கும் நீள இழைக் கண்ணாடிப் பஞ்சு. கூரைக்குப் போடும் பஞ்சு பொடிந்து பின்வாயால் பறந்துவிடும். முகத்துக்குத் துணியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், இல்லாவிட்டால் இரவெல்லாம் சொறிவீர்கள். பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகுமுன் விடியற்காலையில் லயத்தையே எழுப்புகிற சைலன்சருக்கு இந்த ஒரு வேலை போதும்.

"ஸ்டட் முறிந்துவிட்டது"

ஹெட்டிலிருந்து நீட்டி நிற்கும் திருகுத் தண்டுதான் ஸ்டட். அதிலுள்ள நட் அசையவில்லை என்றால் பலம் போடாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு, மறுநாள் எஞ்சினை இளஞ்சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசையுங்கள். அப்படியும் முறிந்து, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகலாம். ஹெட் மட்டத்தோடு முறிந்திருந்தால் ட்ரில்லை எடுக்காமல் லேத் பட்டறை பாஸிடம் கொண்டுபோங்கள். ஹெட் அலுமினியம், ட்ரில் நழுவினால் ஸ்டட்டை விட்டுவிட்டு அலுமினியத்துக்குள்தான் இறங்கும்.

"எஞ்சின் லைட் எரிகிறது"

இது எஃப்ஐ பைக், காபரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்ஷன் உள்ளது. பென்ட் பைப்பில் திருகியிருந்த ஒட்சிசன் சென்சர் புதுக் குழாயில் இல்லை, அல்லது அதன் முன்னால் லீக். சென்சருக்கு இடமில்லாத குழாயைப் போடவே வேண்டாம்.

"புகைப் பரிசோதனையில் தேறவில்லை"

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்று வேண்டும். காபனோரொட்சைட்டு கூடியிருந்தால் கலவை ரிச். மலையில் செட் பண்ணாத காபரேட்டருக்கு இது சகஜம். ஐதரோகாபன் கூடியிருந்தால் பெற்றோல் எரியாமல் வெளியேறுகிறது. ப்ளக், வால்வு இடைவெளி இரண்டையும் பாருங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை குறையும். சத்தமான சைலன்சருக்கு ரோட்டில் பொலிஸ் வழக்கு எழுதுவது வேறு கணக்கு.

கழற்றிய பழைய சைலன்சரை மட்டும் இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். உள்ளே கொஞ்சம் பழைய ஒயில் ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தை வடியவிட்டு, இரண்டு வாயிலும் துணி அடைத்து, அடுப்படிப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். திரும்ப மாட்டிய முதல் நாள் நீலப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், அது நீங்கள் ஊற்றிய ஒயில்தான்.